எலக்ட்ரிக் கார் வந்தால் பிளாட்டினம், வெள்ளி விலை என்ன ஆகும்?

கேள்வி: மகள் கல்யாணத்துக்காக வருடாவருடம் கொஞ்சம் தங்கம் சேர்த்து வருகிறோம். இந்த முறை நகைக்கடையில், "இனி எலக்ட்ரிக் கார் காலம், பிளாட்டினத்துக்குக் கிராக்கி கூடும், இப்போதே வாங்கிப் போடுங்கள்" என்றார் விற்பனையாளர். வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: அவர் சொன்ன காரணம் தலைகீழ். பேட்டரியில் ஓடும் காருக்குப் பிளாட்டினம் தேவைப்படுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அதை வாங்குவது பெட்ரோல், டீசல் கார் தயாரிப்பாளர்கள்தான். அந்த வண்டிகளின் புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று ஒரு எஃகு உருளை இருக்கும். உள்ளே நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் மூன்றும் மெல்லிய பூச்சாக இருக்கும். கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்களை வெளியே விடாமல் மாற்றுவது இந்தப் பூச்சு. ஒரு காருக்குச் சில கிராம்தான். ஆனால் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் கார்கள் விற்கின்றனவே! உலகில் வாங்கப்படும் பலேடியத்தில் ஐந்தில் நான்கு பங்கும், பிளாட்டினத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கும் இதற்கே போகிறது.

அதனால் எலக்ட்ரிக் கார் பெருகினால் முதல் அடி பலேடியத்துக்கு. உக்ரைன் போர் தொடங்கிய கையோடு, 2022 மார்ச்சில் அது அவுன்ஸுக்கு (31.1 கிராம்) 3,000 டாலரைத் தாண்டியது, சுரங்கத்திலிருந்து வரும் பலேடியத்தில் சுமார் 40 சதவீதம் ரஷ்யாவுடையது. 2024 தொடக்கத்தில் 1,000 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. ரோடியம் இன்னும் மோசம். 2021-ல் 29,000 டாலர் வரை போய், இரண்டே வருடத்தில் 5,000-க்கும் கீழே விழுந்தது. இந்த வீழ்ச்சிக்கு எலக்ட்ரிக் கார் மட்டுமே காரணம் இல்லை. பலேடியம் எட்டாத விலைக்குப் போனதும், கார் கம்பெனிகள் பெட்ரோல் வண்டிகளிலும் மலிவான பிளாட்டினத்தைக் கலக்கத் தொடங்கின.

பிளாட்டினத்தின் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. கண்ணாடி ஆலை, ரசாயன ஆலை, நகை என்று அதற்கு வேறு வாசல்களும் உண்டு. ஹைட்ரஜன் காரில் ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் கலத்துக்கும் அது வேண்டும். அப்புறம், இப்போது நன்றாக விற்கும் ஹைபிரிட் கார்களில் இன்ஜினும் இருப்பதால் கன்வெர்ட்டரும் இருக்கிறது. இன்னொரு பக்கம், சுரங்கப் பிளாட்டினத்தில் சுமார் 70 சதவீதம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே உற்பத்தி குறைந்தால் உலகமே தட்டுப்பாட்டை உணரும். 2025 தொடக்கத்தில் 900 டாலரை ஒட்டி இருந்த விலை, அக்டோபரில் 1,600-ஐத் தாண்டியது. அதே வருடத்தில் எலக்ட்ரிக் கார் விற்பனையும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. காரை மட்டும் பார்த்துப் பிளாட்டினம் விலையைக் கணிக்க முடியாது.

சரி, விலை ஏறும் என்றே வைத்துக்கொள்வோம். நகையாக வாங்கினால் அந்த லாபம் உங்கள் கைக்கு வருமா என்பதுதான் என் கவலை. பிளாட்டினத்துக்குச் செய்கூலி தங்கத்தைவிடப் பொதுவாக அதிகம். தங்கம் 1,064 டிகிரியில் உருகிவிடும். பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி சூடு வேண்டும். சாதாரணப் பட்டறையில் அதை உருக்க முடியாது. அதனால் சிறிய கடைகள் பழைய பிளாட்டினத்தை வாங்கத் தயங்கும். வாங்கிய கடைக்கே திரும்பப் போக வேண்டியிருக்கும். அவசரத்துக்குத் தங்கத்தைப் போல எங்கும் அடகு வைக்கவும் முடியாது. மகளுக்குப் பிடித்திருந்தால் ஒரு மோதிரம் வாங்கிக் கொடுங்கள்: 950 தூய்மை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், திருப்பி எடுக்கும்போது எத்தனை சதவீதம் கழிப்பார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கல்யாணச் சேமிப்பு தங்கத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: எலக்ட்ரிக் காரில் வெள்ளி நிறையப் போகிறது என்கிறார்கள். வெள்ளி வாங்கி வைக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இது உண்மைதான். பெட்ரோல் காரில் 15 முதல் 28 கிராம் வரை வெள்ளி இருந்தால், பேட்டரி காரில் 25 முதல் 50 கிராம் வரை இருக்கும். மெல்லிய கொலுசு ஒரு ஜோடியின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிலே, சுவிட்ச், மின் இணைப்பு முனைகளில் அது பரவிக் கிடக்கும். ஆனால் வெள்ளியை உண்மையில் விழுங்குவது சோலார் தகடுகள்: 2024-ல் சுமார் 6,000 டன். கார் துறை முழுவதும் எடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். விலை அதிகமானால் சோலார் கம்பெனிகள் செம்புக்கு மாறப் பார்க்கும், அதையும் மனதில் வையுங்கள்.

வெள்ளி விலை முன்பும் பறந்து விழுந்திருக்கிறது. 2011 ஏப்ரலில் அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியது; 2015 கடைசியில் 14 டாலருக்கும் கீழே கிடந்தது. ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள். மீதிப் பணம் இருந்தால் சிறிய அளவில் சில்வர் ஈடிஎஃப் (பங்குச் சந்தையில் பங்கு போல வாங்கி விற்கும் வெள்ளி ஃபண்ட்) போதும். செய்கூலி கிடையாது, பூட்டி வைக்க வேண்டாம். கொலுசும் குத்துவிளக்கும் ஆசைக்கு வாங்கலாம், முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள்.

கேள்வி: 14 வருடப் பெட்ரோல் காரைக் கழித்துவிட்டு எலக்ட்ரிக் கார் வாங்கப் போகிறேன். காயலான் கடையில் இரும்பு எடைக்கு விலை சொல்கிறார்கள். சரிதானா?
– வாசகர், சென்னை

பதில்: இரும்பு விலை மட்டும் என்றால் ஏமாறுகிறீர்கள். மேலே சொன்ன கன்வெர்ட்டர் உங்கள் வண்டியிலும் இருக்கும். சில வருடங்களுக்கு முன் குஜராத்திலும் புனேயிலும் நிறுத்தி வைத்த மாருதி ஈகோ வேன்களின் சைலன்சரை மட்டும் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்குள் இருக்கும் கன்வெர்ட்டரை உடைத்தால் கிடைக்கும் விலை உயர்ந்த உலோகத் தூளுக்காகத்தான். உங்கள் வண்டியின் கன்வெர்ட்டருக்குத் தனி விலை கேளுங்கள், இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் 'சர்டிபிகேட் ஆஃப் டெபாசிட்' (வண்டியை ஒப்படைத்ததற்கான சான்று) கிடைக்கும், ஆர்.சி.யை முறைப்படி ரத்து செய்யவும் அது உதவும். காயலான் கடையில் போட்டுவிட்டு ஆர்.சி. உங்கள் பெயரிலேயே நின்றால் பின்னால் தலைவலி.

வண்டியை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதாக இருந்தால் ஒன்று: மெக்கானிக் "கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டது" என்று புதிதாக மாற்றினால், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள்.