பெடலைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். மகளுக்கு 4 வயது 8 மாதம், உயரம் 105 செ.மீ. பிறந்தநாளுக்குத் தாத்தா ஆன்லைனில் 16 இஞ்ச் சைக்கிள் வாங்கித் தந்தார். ஆறு மாதமாக சைடு வீலோடு தெருவில் நன்றாகவே ஓட்டினாள். போன வாரம் ஒரு பக்கத்து சைடு வீலை மட்டும் கழற்றினோம். உட்கார்ந்ததுமே ஒரு பக்கமாகச் சாய்கிறாள், திருப்பத்தில் விழுகிறாள், பயம் வந்தால் பெடலைப் பின்பக்கமாக மிதிக்கிறாள். இப்போது சைக்கிளைக் கண்டாலே அழுகை. செயினும் கிறீச்சிடுகிறது. பெடல் இல்லாத பேலன்ஸ் பைக் தனியாக வாங்க வேண்டுமா? அவள் தம்பிக்கு 2 வயது, அவனுக்கு அது ஆகுமா?

பதில்: மகளுக்காக வாங்க வேண்டாம். இருக்கிற சைக்கிளில் பெடல் இரண்டையும் கழற்றினால் அதுவே பேலன்ஸ் பைக். அதற்கு முன்னால், மிச்சமிருக்கும் அந்த ஒற்றை சைடு வீலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் விட்டுவைத்தால் குழந்தை அந்தச் சக்கரத்தின்மேல் எடையைப் போட்டு உட்காரப் பழகுவாள். அவள் சாய்வதற்குக் காரணம் பயம் இல்லை, அந்தச் சக்கரம்தான்.

இரண்டு சக்கர வண்டி நிற்பது எப்படி என்றால், இடப்பக்கம் சாய்கிறபோது ஹேண்டிலை இடப்பக்கமே துளி திருப்புகிறோம். சக்கரம் உடம்புக்கு அடியில் ஓடிவந்து தாங்கிக்கொள்கிறது. வலப்பக்கம் சாய்ந்தாலும் அதே கதை. யோசித்துச் செய்கிற வேலை இல்லை இது, கை தானாகச் செய்ய வேண்டியது. சைடு வீல் இருந்தால் வண்டி சாயவே சாயாது. அதனால் கைக்கு இந்தப் பாடம் கிடைப்பதே இல்லை. போதாக்குறைக்கு, திருப்பத்தில் உடம்பு வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு, குழந்தை வெளிப்பக்கம் சாயப் பழகிவிடுகிறாள். இரண்டு சக்கரத்தில் உள்பக்கம் சாய வேண்டும். உங்கள் மகள் ஆறு மாதத்தில் பழகியது மிதிப்பதை மட்டும். அது எளிய பாதி.

அந்தக் காலத்தில் வாடகை சைக்கிள் எடுத்துப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்திப் போவார்கள். அப்புறம் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல். சீட்டில் ஏறி உட்காருவது கடைசியில். சைக்கிள் உயரமாக இருந்ததால் வேறு வழியில்லாமல் போட்ட வரிசைதான். ஆனால் சரியான வரிசை. பேலன்ஸ் முன்னால், மிதி பின்னால். பெடலைக் கழற்றுவதும் இதையேதான் செய்கிறது, முழங்கால் சிராய்ப்பு குறைவாக.

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்குமுன் வண்டியைப் பக்கவாட்டில் நின்று ஒரு தடவை பாருங்கள். ஆன்லைனில் வரும் சைக்கிளில் ஹேண்டில், முன்சக்கரம், பெடல், சீட் எல்லாம் வீட்டில் மாட்டுவதுதான். அதில் அடிக்கடி நடக்கும் தவறு முன் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டையை, பின்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுவது. ஃபோர்க்கின் கீழ்முனை முன்னோக்கி வளைந்திருக்க வேண்டும், முன் பிரேக் சாலையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பிரேக் சீட் பக்கமாக, ஃப்ரேமைப் பார்த்து இருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது. அப்படி இருந்தால் திருப்பத்தில் குழந்தையின் கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கும். ஹேண்டிலின் நடு போல்ட்டைத் தளர்த்தி, ஃபோர்க்கை அரைச்சுற்று திருப்பி, ஹேண்டிலை நேராக வைத்து இறுக்கினால் சரியாகிவிடும். பிரேக் கேபிள் கழுத்தைச் சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. வயதையும் பெட்டியில் போட்டிருப்பதையும் விடுங்கள், கால் நீளம்தான் கணக்கு. குழந்தையை வெறுங்காலோடு சுவரில் முதுகு படிய நிற்க வையுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, மேலே முட்டும்வரை ஏற்றிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளவு எடுங்கள். 105 செ.மீ. உயரத்துக்கு இது பெரும்பாலும் 45 செ.மீ.யை ஒட்டி வரும். பிறகு சீட்டை முழுக்க இறக்கி, சீட்டின் மேல்பக்கத்திலிருந்து தரைவரை அளவு எடுங்கள். பெடல் இல்லாமல் பழகும்போது சீட் உயரம் கால் நீளத்தைவிட 2 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். இரண்டு பாதமும் தட்டையாகத் தரையில் படியும், முட்டியும் லேசாக மடங்கும்.

இங்கேதான் 16 இஞ்ச் காலை வாரும். பல மாடல்களில் சீட் அவ்வளவு கீழே இறங்காது. சீட் கம்பி அடியில் முட்டி நின்றால், சைக்கிள் கடையில் கீழ்முனையை 3 செ.மீ. அறுக்கச் சொல்லுங்கள், பின்னால் உயரம் தேவைப்படும்போது புதுக் கம்பி போட்டுக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. அப்படியும் கால் நீளத்தைவிட 2, 3 செ.மீ. உயர்ந்தே இருந்தால் இந்த வண்டியைச் சில மாதம் ஓரமாக வைத்துவிட்டு, அக்கம்பக்கத்தில் 12 அல்லது 14 இஞ்ச் பழைய சைக்கிள் ஒன்றை இரவல் வாங்குங்கள். ‘வளர்ந்துடுவா, பெருசாவே வாங்கு’ என்பது பள்ளிச் சீருடைக்குப் பொருந்தும். சைக்கிளுக்குப் பொருந்தாது.

எடையையும் பாருங்கள். கேரியர், கூடை, முதுகு சாய்மானம் எல்லாம் வைத்த இரும்பு 16 இஞ்ச் சைக்கிள் 10 கிலோவை ஒட்டி வரும். குழந்தை 16 கிலோ என்றால், 65 கிலோ ஆள் 40 கிலோ வண்டியைச் சமாளிப்பதற்குச் சமம். கேரியர், கூடை, சாய்மானம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். செயின் கவரை மட்டும் தொடாதீர்கள்.

சைடு வீலும் பின்சக்கரமும் ஒரே அச்சு நட்டில்தான் இறுகியிருக்கும். அதைக் கழற்றும்போது பின்சக்கரம் முன்னால் நகர்ந்து செயின் தொங்கிவிடும். அப்படியே விட்டால் நாலு மிதியில் செயின் கழன்றுவிடும். சக்கரத்தைப் பின்னால் இழுத்து, டயருக்கும் இருபக்கக் குழாய்களுக்கும் இடைவெளி ஒன்றாக இருக்கும்படி வைத்து, வாஷரைப் போட்டு, இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் 1 செ.மீ. அளவுக்கு அசைய வேண்டும். அதைவிட விறைப்பாக இருந்தால் மிதி கனக்கும்.

பெடலுக்குப் பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர். இடது பெடலின் மரை எதிர்மரை, வழக்கத்துக்கு மாறான பக்கம் சுற்றுவது. அது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் இறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் ஏராளம். எந்தப் பக்கம் சுற்றுவது என்று குழம்ப வேண்டாம். ஸ்பேனரைச் செங்குத்தாக மேல்நோக்கி மாட்டி, அதன் மேல்முனையைப் பின்சக்கரத்துப் பக்கம் தள்ளுங்கள். இரண்டு பெடலும் அப்படித்தான் கழலும். திரும்ப மாட்டும்போது முன்சக்கரத்துப் பக்கம். பெடல் அச்சின் நுனியில் எல், ஆர் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும்: எல் இடது, ஆர் வலது. மாட்டும்போது மரையில் துளி கிரீஸ் தடவி, முதல் மூன்று சுற்றைக் கையாலேயே சுற்றுங்கள். கையால் சுற்ற வரவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது. ஸ்பேனரால் கட்டாயப்படுத்தினால் பெடலைத் தாங்கும் கை, அதாவது கிராங்க், போச்சு. பெடல் இல்லாத கிராங்க் நுனி கெண்டைக்காலில் இடிக்கும், பழைய டியூப் துண்டைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

இனிப் பழக்கம். ஒரு தடவைக்குப் 10, 15 நிமிடம் போதும், காலையும் மாலையும். உங்கள் மகள் ஏற்கனவே பயந்திருப்பதால் முதல் இரண்டு நாள் சும்மா சீட்டில் உட்கார்ந்து நடக்கட்டும். யாரும் பிடிக்க வேண்டாம், கால் தரையில் இருக்கிறது. பிறகு எட்டு நீளும், ஓட்டமாகும், ஒரு கட்டத்தில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சறுக்குவாள். ‘கீழ பாக்காத’ என்று கத்துவதைவிட, பத்தடி முன்னால் நீங்கள் நின்றுகொண்டு எத்தனை விரல் காட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். பார்வை தானாக நிமிரும். கால் தரையில் படாமல் 5 மீட்டர் போகிறாள், போகிறபோதே வளைந்தும் திரும்புகிறாள் என்றால் பேலன்ஸ் வந்துவிட்டது. சிலருக்கு ஒரு வாரத்தில் வரும், சிலருக்கு இரண்டு மாதம். அதற்குமுன் பெடலை மாட்டாதீர்கள்.

பெடல் மாட்டும் நாளில் சீட்டை 2 செ.மீ. ஏற்றுங்கள். முன்பாதம் தரையில் ஊன்றினால் போதும். கிளம்பும்போது வலது பெடல் முன்பக்கம், கடிகாரத்தில் 2 மணி முள் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து ஒரே அழுத்து. பெடல் அடியில் கிடந்தால் அழுத்த இடமே இல்லை. பாதத்தின் மேல்பக்கத்தால் பெடலைத் தூக்கிச் சுற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். பின்பக்கமாக மிதிப்பது பெரும்பாலும் மூன்று சக்கர வண்டியின் பழக்கம். அதில் பின்மிதித்தால் வண்டி நிற்கும், இதில் செயின் வெறுமனே சுற்றும். பிரேக்கைச் சொல்லிக்கொடுத்தால் இது போய்விடும்.

பிடிக்க வேண்டும் என்று தோன்றினால் ஹேண்டிலையும் சீட்டையும் தொடாதீர்கள். அவற்றைப் பிடித்தால் வண்டியை நிமிர்த்துவது நீங்கள், அவள் இல்லை. ஒரு குளியல் துண்டை மார்பின் குறுக்காக அக்குளுக்கு அடியில் விட்டு, இரண்டு நுனியையும் முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுங்கள். துண்டு தொய்வாகவே இருக்கட்டும், விழப்போகும்போது மட்டும் இறுகட்டும். உங்கள் இடுப்பும் பிழைக்கும்.

பிரேக்கை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதே பழக்குங்கள். குழந்தையின் விரல் லீவரைச் சுற்றி வளைகிறதா என்று பாருங்கள். நுனி மட்டும் எட்டினால் பலம் இருக்காது. லீவர் ஆரம்பிக்கும் இடத்தில் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும், அதை உள்ளே சுற்றினால் லீவர் பிடியை நெருங்கி வரும். பிறகு கேபிளைச் சரிசெய்து, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் 2 மி.மீ. இடைவெளி வையுங்கள். கட்டை டயரில் உரசக் கூடாது. பின் பிரேக் எந்தக் கையில் என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்து, அதை முதலில் பிடிக்கச் சொல்லுங்கள்.

இடம்: மஞ்சக்குப்பம் மைதானம் போன்ற கெட்டித் தரை நல்லது. சில்வர் பீச் மணலில் சக்கரம் புதையும். புல்லில் விழுந்தால் வலிக்காது, ஆனால் உருளவும் உருளாது. டைல்ஸ் தரையில், அதுவும் காற்றில்லாத கெட்டி டயர் என்றால், வழுக்கும். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வண்டி விடாத நேரம் பார்த்துக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிடுகிறார்கள். பிரேக் பழகாத குழந்தைக்கு அந்த நடைப்பயிற்சிக் கூட்டம் சரிப்படாது. இன்னொன்று, கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். பக்கவாட்டுக் காற்று 16 கிலோ குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும். காலை 7 மணிக்கு முன்னால் காற்றும் அடங்கியிருக்கும், நாய் தவிர தெருவும் காலியாக இருக்கும்.

செயின் கிறீச்சிடுவதற்கு நம் ஊர் உப்புக்காற்றே போதும். உலர்ந்த துணியால் துருவையும் மணலையும் துடைத்து, செயினின் உள்பக்கம் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கிராங்கைப் பின்பக்கமாகச் சுற்றி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். தையல் மிஷின் எண்ணெய் போதும், ஆனால் வாராவாரம் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்து மணலை இழுக்கும். வண்டியிலிருந்து இறக்கிய பழைய என்ஜின் ஆயிலும் வேண்டாம்.

டயரில் காற்றுக்குக் கைப்பம்புதான். பஞ்சர் கடை மோட்டார் காற்று இந்தச் சின்ன டியூபை நொடியில் வெடிக்க வைத்துவிடும். டயரின் பக்கத்தில் போட்டிருப்பது உச்ச அளவு. இவள் எடைக்கு 20 பிஎஸ்ஐ பக்கம் இருந்தாலே போதும்.

சைக்கிள் ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடையில் நிற்க வேண்டும், தாடைப் பட்டைக்குள் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். பின்பக்கமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டால் நெற்றிக்குக் காவல் இல்லை. செருப்பு வேண்டாம், ஷூ. பாவாடை வேண்டாம். கொலுசைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். ஒரு முத்து செயினில் சிக்கினால் கணுக்கால் முழுதும் உள்ளே இழுபடும்.

தம்பி விஷயம். 2 வயதுக்கு பேலன்ஸ் பைக் நல்ல முதலீடு, மூன்று வருடம் ஓடும். 12 இஞ்ச், 4 கிலோவுக்குள், சீட் 30 செ.மீ.வரை இறங்க வேண்டும். வாங்கும்முன் அவனுக்கும் அந்தப் புத்தக அளவை எடுத்துவிடுங்கள். அக்காவின் 16 இஞ்ச் அவனுக்கு வரும்போது அவனுக்குப் பேலன்ஸ் ஏற்கனவே வந்திருக்கும் என்பதால், கழற்றிய சைடு வீலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்.