பனிமலையைப் படிக்க நினைக்கும் மகளை டம்மி ஸ்கூலில் சேர்க்காதீர்கள்

டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். மகள் பதினொன்றாம் வகுப்பு, கணிதம்-இயற்பியல்-வேதியியல் பிரிவு. மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவள் மனது முழுக்க இமயமலைப் பனியாறுகளில் (கிளேசியர்) இருக்கிறது. சென்னையிலிருந்து பெரியப்பா அடிக்கடி போன் போட்டு, "கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு இப்பவே ஏற்பாடு பண்ணிடலாம், யோசிக்காதீங்க" என்கிறாராம். இதற்கு நடுவே ஒரு சுற்றுலா ஏஜென்சி பள்ளி மூலமாகவே நோட்டீஸ் விட்டிருக்கிறது. மாணவர் பரிமாற்றம் என்ற பெயரில் சுவிட்சர்லாந்தில் பத்து நாள் பருவநிலைப் பயணம், தலைக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அதற்கு அனுப்பிவிட்டால் மகளின் ஆசை அடங்கிவிடும், அப்புறம் டம்மி ஸ்கூலுக்கு (பெயர் மட்டும் பதிவில் இருக்கும், வகுப்புக்குப் போக வேண்டாம்) மாற்றி ஜேஇஇ கோச்சிங்கில் உட்கார வைத்துவிடலாம் என்பது அம்மாவின் எண்ணம்.

பயப்படாதீர்கள், குழந்தை தவறான வழியில் போகவில்லை என்று முதலில் சொன்னேன். அதோடு ஆறுதல் போதும். அவர்கள் போட்டிருக்கும் திட்டம் தவறு. பயணமும் வேண்டாம், டம்மி ஸ்கூலும் வேண்டாம்.

டம்மி ஸ்கூல்களில் சிபிஎஸ்இ திடீர்ச் சோதனை நடத்தி அங்கீகாரத்தை ரத்து செய்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் உங்கள் பெண்ணுக்கு அந்தத் தலைவலி எதற்கு? பெரியப்பா சொல்லும் கம்ப்யூட்டர் சயின்ஸ் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு நான்கு வருடத்தில் இருபது லட்சம் ஆகும் என்று அப்பாவே கணக்குச் சொன்னார். அந்தப் பணத்துக்கு வீட்டை அடமானம் வைக்கப்போகிறார். பெரியப்பா அக்கறையோடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் தவணை கட்டப்போவது அவர் அல்ல, வகுப்பில் உட்காரப்போவதும் அவர் அல்ல. பிள்ளைக்கு விருப்பமில்லாத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

மூன்றரை லட்சப் பயணத்துக்கு வருவோம். பனியாற்றின் முன்னால் நின்று போட்டோ, ஒரு சான்றிதழ், சாக்லேட் தொழிற்சாலை, திரும்பும் விமானம். இதைப் பரிமாற்றம் என்று சொல்ல முடியாது. பரிமாற்றம் என்றால் நம் பிள்ளைகள் அங்கே போக வேண்டும், அவர்கள் பிள்ளைகளும் இங்கே வர வேண்டும். போவதற்கு முன்பே சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும், வந்த பிறகும் அந்த வேலை தொடர வேண்டும்.

சரி, வெளிநாடு என்றதும் ஏன் எல்லோரும் ஐரோப்பாவையே பார்க்கிறோம்? இந்து குஷ் இமயமலையை ஆராயும் எட்டு நாடுகளின் கூட்டு மையமான இசிமோட் இருப்பது காத்மாண்டுவில். 1983-ல் தொடங்கியது, இந்தியா அதில் உறுப்பினர். பக்கத்திலேயே துலிகேலில் காத்மாண்டு பல்கலைக்கழகம் பனியாற்றியலில் முதுநிலை ஆராய்ச்சிப் படிப்பு நடத்துகிறது. டெல்லியிலிருந்து காத்மாண்டு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு, நேரடிப் பேருந்தும் உண்டு. இந்தியர்களுக்கு விசா வேண்டாம்.

அந்தப் பெற்றோருக்கு நான் சொன்ன யோசனை இதுதான். பள்ளியின் புவியியல் ஆசிரியர் காத்மாண்டுவிலோ துலிகேலிலோ ஒரு பள்ளியோடு தொடர்பு ஏற்படுத்தட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு பள்ளிகளும் ஒரே முறையில் அளக்கட்டும்: தினசரி அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, மழை அளவு, மேகம். அளக்கும் முறையை வகுத்துத் தரும் குளோப் என்ற உலகளாவிய மாணவர் திட்டம் 1995-லிருந்து நடக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் பள்ளிகள் அதில் இருக்கின்றன. மழைமானி விலை அதிகமில்லை. மாதம் ஒருமுறை இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் வீடியோ அழைப்பில் கணக்கை ஒப்பிட்டுப் பேசட்டும். மழைக்காலம் முடிந்து வானம் தெளியும் அக்டோபர், நவம்பரில் எட்டுப் பத்து நாள் அங்கே, ஓட்டலில் அல்லாமல் அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் தங்கட்டும். ஜனவரியில் அவர்கள் டெல்லிக்கு வரட்டும், உங்கள் வீட்டில் தங்கட்டும். பள்ளிப் பிள்ளைகளைப் பனியாற்றின் மேல் ஏற்ற வேண்டியதில்லை. மூவாயிரம் மீட்டருக்கு மேல் இரவு தங்கவும் வேண்டாம்; உயரத்தால் வரும் நோய் விளையாட்டல்ல. நதி, சரிவு, வயல், அங்கே வாழும் பெரியவர்களின் நினைவு, இவற்றிலிருந்தே ஏராளமாகக் கற்கலாம்.

அங்கே கற்பதற்கு என்ன இருக்கிறது என்று அப்பா கேட்டார். நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கின் யாலா பனியாற்றைப் பற்றிச் சொன்னேன். இந்த வட்டாரத்தின் பனியாற்றியலாளர்கள் பலர் அளக்கப் பழகிய இடம் அது. 1970-களிலிருந்து அது 66 சதவீதம் சுருங்கிவிட்டது. 2025 மே மாதம் பௌத்தத் துறவிகளும் இந்தியா, நேபாளம், பூட்டான், சீனாவைச் சேர்ந்த பனியாற்றியலாளர்களும் அங்கே ஏறிப்போய் அதற்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். அதே வருடம் ஜூலை 8-ம் தேதி திபெத் பக்கம் ஒரு பனியாற்றின் மேல் தேங்கியிருந்த ஏரி வடிந்து, போட்டேகோசி ஆற்றில் வெள்ளம் வந்து, நேபாள-சீன எல்லையின் நட்புப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. ஏரி ஒரு நாட்டில், சேதம் இன்னொரு நாட்டில். இந்தப் பாடத்தை ஒரே நாட்டுக்குள் உட்கார்ந்து எப்படி முழுசாகப் படிக்க முடியும்?

சுவிட்சர்லாந்திலிருந்தும் கற்க வேண்டியது இருக்கிறது, ஆனால் அது வேறு. 2025 மே 28-ல் பனியாறு சரிந்து பிளாட்டன் கிராமம் புதைந்தது. மலை அசைவதைக் கவனித்து, ஒன்பது நாள் முன்பே சுமார் 300 பேரை வெளியேற்றியிருந்தார்கள். ஒருவர்தான் உயிரிழந்தார். நம் உத்தராகண்டின் சமோலியில் 2021 பிப்ரவரி 7 அன்று பாறையும் பனியும் சரிந்தபோது தபோவன் நீர்மின் திட்டச் சுரங்கப்பாதைத் தொழிலாளர்களுக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 200 பேருக்கு மேல். இந்த வித்தியாசத்தை ஒரு மாணவி புரிந்துகொண்டால், தான் எதற்காகப் படிக்கிறோம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கிழக்கு டெல்லியின் குடிநீரில் ஒரு பங்கு சோனியா விஹார் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் கங்கை நீர்தானே. இது தொலைதூர விஷயமும் அல்ல.

வேலை? பிடெக், எம்பிபிஎஸ் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, விட்டுவிடுகிறேன். இவளுக்கு டெல்லி பல்கலைக்கழகத்தில் சியூஇடி பொது நுழைவுத் தேர்வு வழியாக புவியமைப்பியல்; ஹன்ஸ்ராஜ், ராம் லால் ஆனந்த் கல்லூரிகளில் இருக்கிறது. முதுநிலைக்கு ஜேஎன்யூவின் (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) சுற்றுச்சூழல் அறிவியல் புலம். ஹிமாச்சலின் சோட்டா ஷிக்ரி பனியாற்றை 2002-லிருந்து பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து அளந்துவருபவர்கள் அவர்கள். கல்விக் கட்டணம் பெயரளவுக்குத்தான். அதன் பிறகு வெளிநாட்டு ஆசை இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை, மாதம் 1,400 யூரோ. கல்விக் கட்டணமும் அதில் அடங்கும். அப்போது ஐரோப்பாவுக்குப் போகட்டும், அவர்கள் செலவில்.

ஐடி கம்பெனி மாதிரி இருபத்திரண்டு வயதில் சம்பளம் வராது. இதை மறைத்துச் சொல்வது துரோகம். ஆராய்ச்சியில் சேர்ந்தால் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய். புவியமைப்பியலில் முதுநிலை முடித்து யுபிஎஸ்சி நடத்தும் புவியமைப்பியலாளர் (ஜியாலஜிஸ்ட்) தேர்வில் தேறினால் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தில் அடிப்படைச் சம்பளம் 56,100-ல் தொடங்கும். பனியேரி (பனியாறு உருகித் தேங்கும் ஏரி) உடைப்பு அபாயத்தைக் குறைக்க மத்திய அரசு 2024-ல் 150 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை நான்கு இமயமலை மாநிலங்களுக்கு அனுமதித்தது. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனக் ஏரி உடைந்து 1,200 மெகாவாட் தீஸ்தா அணையே போன பிறகு, இந்தத் துறை தெரிந்த ஆட்களைத் தேடுகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கணக்கை விட்டுடணுமா, சார்?" விடவே கூடாது என்றேன். செயற்கைக்கோள் படத்திலிருந்து பனியின் கன அளவைக் கணக்கிடுவதும், ஆற்று வெள்ளத்தை மாதிரியாக்குவதும் கணிதமும் நிரல் எழுதுவதும்தான். வேண்டுமென்றால் பைத்தான் படிக்கட்டும். அதற்கு இருபது லட்சம் தேவையில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது: சுவிஸ் பயணத்துக்கு முன்பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள். மகளுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பியுங்கள். புவியியல் ஆசிரியரை நேரில் பார்த்து நேபாளப் பள்ளி யோசனையைச் சொல்லுங்கள். இன்னும் நான்கைந்து பெற்றோர் சேர்ந்து போனால் பள்ளி முதல்வர் மறுக்க மாட்டார். பெரியப்பாவிடம் நீங்கள் பேச வேண்டாம், மகளே பேசட்டும். அவளுக்குத் தெரிந்ததைச் சொல்ல அவளுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள், நடுவில் புகாதீர்கள்.