காலி வட்டு வாங்கும்போது பிளஸ் ஆர், மைனஸ் ஆர், ப்ளூ-ரே இவற்றில் எதை எடுப்பது? எந்த ரைட்டர் பொருத்தமானது?

தண்டையார்பேட்டையில் தம் மாமா நடத்திவந்த போட்டோ ஸ்டூடியோவை மூடவிருப்பதாகவும், ஹார்ட் டிஸ்க்குகளில் உள்ள ஏறக்குறைய 300 ஜிபி அளவிலான திருமண வீடியோக்களையும் படங்களையும் வட்டுகளில் பதிந்து வைக்க விரும்புவதாகவும், சில குடும்பங்களுக்கு வீட்டு டிவிடி பிளேயரில் ஓடக்கூடிய பிரதிகளும் தேவைப்படுவதாகவும் கேள்வி கேட்டவர் குறிப்பிட்டிருக்கிறார். முதலில் எந்த ரைட்டர் வாங்குவது, பிறகு அதற்கு எந்த வட்டு வாங்குவது என்ற வரிசையில் அவர் கேட்டிருக்கிறார். பழைய வண்ணாரப்பேட்டையில் வீடியோ எடிட்டிங் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். முதலில் வட்டைத் தேர்ந்தெடுங்கள். அந்த வட்டை எந்த ஆலை தயாரித்தது என்று பாருங்கள். ரைட்டரைப் பற்றி அதற்குப் பிறகு யோசித்தால் போதும். பிளஸ்ஸா மைனஸா என்பது இன்று கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் பெரிய மதிப்பு இருந்தது உண்மைதான். மைனஸ் ஆர் எனப்படும் டிவிடி-ஆர் வடிவத்தை 1997இல் பயனியர் நிறுவனம் கொண்டுவந்தது. டிவிடி ஃபோரம் என்ற கூட்டமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. பிலிப்ஸ், சோனி, எச்பி, ரிக்கோ, யமஹா, மிட்சுபிஷி கெமிக்கல் ஆகியவை அதிலிருந்து விலகித் தமக்கென ஒரு கூட்டணி அமைத்து, 2001இல் அழித்து எழுதக்கூடிய டிவிடி+ஆர்டபிள்யூ வட்டுக்கான ரைட்டர்களையும் 2002இல் பிளஸ் ஆர் எனப்படும் டிவிடி+ஆர் வட்டுகளையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. அப்போது ரைட்டர் வாங்கியவர் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தது. ஆனால் 2002இலேயே சோனி இரண்டு வகையையும் எழுதும் ரைட்டரை வெளியிட்டுவிட்டது. மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள். இப்போது நீங்கள் எந்தக் கடையில் எந்த டிவிடி ரைட்டரை வாங்கினாலும் அது இரண்டையும் எழுதும். வாங்குபவரைப் பொறுத்தவரை சண்டை அத்துடன் முடிந்துவிட்டது.

எனினும் வட்டுக்குள் இருக்கும் வேறுபாடு முடிந்துவிடவில்லை. எழுதும் லேசர் தான் எங்கே நிற்கிறது என்பதை அறிந்துகொள்ள, மைனஸ் வட்டில் தடங்களுக்கு இடையே உள்ள மேட்டில் சிறு குழிகள் முன்கூட்டியே பொறிக்கப்பட்டிருக்கும். பிளஸ் வட்டில் தடத்தின் மெல்லிய அலைவிலேயே முகவரி கலந்திருக்கும். அதிவேகத்தில் சுழலும்போது குழிகளைவிட அலைவைப் படிப்பது நம்பகமானது என்பதால், பொறியியல் நோக்கில் பிளஸ்ஸின் அமைப்பு சற்று மேலானது என்று சொல்லப்படுகிறது. நானும் அதை ஏற்கிறேன். கொள்ளளவில் மைனஸ் சற்று பெரியது. மைனஸ் வட்டில் 4,70,73,19,808 பைட்டுகளும் பிளஸ் வட்டில் 4,70,03,72,992 பைட்டுகளும் அடங்கும். மைனஸ் வட்டு நிறைய எழுதிய ஒன்றை அப்படியே பிளஸ் வட்டுக்கு மாற்ற முயன்றால் கடைசியில் இடம் போதவில்லை என்று மென்பொருள் சொல்வதற்கு இதுவே காரணம். அட்டையில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருப்பதைக் கணினி 4.38 என்று காட்டுவது இதனோடு சேர்ந்ததன்று. அது கணக்கிடும் முறையால் வருவது.

குடும்பங்களுக்குக் கொடுக்கும் பிரதிகளுக்கு மட்டும் இந்த வேறுபாடு நடைமுறையில் பயன்படும். 2006க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடுவீடாக வந்த காலத்தில், அதனோடு இணைக்க வாங்கிய மலிவு டிவிடி பிளேயர்கள் வடசென்னையில் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அத்தகைய பழைய பிளேயர்களில் சில, பிளஸ் வட்டைக் கண்டால் அது என்ன என்று தெரியாமல் திருப்பித் தள்ளிவிடும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. மைனஸ் ஆர் வட்டில் எழுதிக் கொடுப்பது எளிய வழி. பிளஸ் ஆர் வட்டையே பயன்படுத்துவதானால், எழுதும் முன், வட்டு எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் புக் டைப் என்ற அமைப்பை டிவிடி-ரோம் என்று மாற்ற வேண்டும். அப்போது பிளேயர் அதைக் கடையில் வாங்கிய சினிமா டிவிடி என்று எண்ணிப் படித்துவிடும். இந்த வசதி எல்லா ரைட்டரிலும் இருப்பதில்லை. மைனஸ் வட்டில் இதைச் செய்யவும் முடியாது. எழுதி முடித்தவுடன் வட்டை ஃபைனலைஸ் செய்ய, அதாவது பதிவை முடித்து மூட, மறந்தால் எந்த வகையாக இருந்தாலும் பிளேயரில் ஓடாது.

இனி, நான் முக்கியம் என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு காலி வட்டிலும் அதைத் தயாரித்தவரின் அடையாளக் குறியீடு ஒன்று பதிந்திருக்கும். அட்டையில் இருக்கும் பெயர் விற்பவருடையது. குறியீட்டில் இருக்கும் பெயர் செய்தவருடையது. வட்டுகளை அடுக்கி விற்கும் கேக் பாக்ஸ் எனப்படும் உருளைப் பெட்டிகளில் ஒரே பெயருள்ள இரண்டை வாங்கினால், ஒன்றில் ஜப்பானிய ஆலையின் வட்டும் மற்றொன்றில் தைவான் ஆலையின் வட்டும் இருப்பது இந்தத் தொழிலில் வழக்கமான ஒன்று. இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து காலி வட்டைப் போட்டால், வலப்பக்கத்தில் இந்தக் குறியீடு தெரியும். எம்சிசி என்று தொடங்கினால் மிட்சுபிஷி கெமிக்கல், அதாவது வெர்பாட்டிம் என்ற பெயரில் வந்தது. டிஒய்ஜி அல்லது யூடென் என்றிருந்தால் தாயோ யூடென். சிஎம்சி மேக் என்றிருந்தால் தைவானின் சிஎம்சி. எம்பிஐ என்றிருந்தால் நம் நாட்டின் மோசர் பேர்.

இந்தப் பெயர்களின் பிற்காலக் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் கடையில் கிடைக்கும் சரக்கின் வயதை அது சொல்லிவிடும். எழுதக்கூடிய சிடியை உருவாக்குவதில் முன்னோடியான தாயோ யூடென் 2015இல் வட்டு தயாரிப்பை நிறுத்திவிட்டது. நொய்டா பகுதியில் ஆலைகள் வைத்து உலகச் சந்தைக்கே வட்டு அனுப்பிய மோசர் பேர், பிறகு கடனில் மூழ்கித் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. வெர்பாட்டிம் தொழிலை விற்பதாக மிட்சுபிஷி கெமிக்கல் 2019இல் அறிவித்தது. வாங்கியது அதே சிஎம்சி. ஆகவே இன்று பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ கிடைக்கும் மோசர் பேர் வட்டு பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த சரக்கு என்று தயங்காமல் முடிவு செய்யலாம். மூடிய பெட்டியாக இருந்தாலும் நான் அதைச் சேமிப்புக்கு வாங்க மாட்டேன். உறவினருக்குக் கொடுக்கும் பிரதிக்கு வேண்டுமானால் போதும்.

வயது ஏன் முக்கியம் என்றால், ஒருமுறை எழுதும் சிடியிலும் டிவிடியிலும் தகவலைத் தாங்குவது கரிமச் சாயம். லேசர் சுடும் இடத்தில் சாயம் மாறுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் மெல்லிய உலோகப் படலம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. சாயத்துக்கு வெயிலும் வெப்பமும் பகை. உலோகத்துக்கு ஈரம் பகை. அந்த உலோகம் பெரும்பாலும் வெள்ளி அல்லது வெள்ளிக் கலவை. பூஜை அறையில் துடைக்காமல் விட்ட வெள்ளி விளக்கு கறுத்துப்போவது போலவே, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஓரத்தின் வழியே உள்ளே நுழைந்தால் இதுவும் கறுக்கும். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடற்காற்றின் ஈரம், மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலைகளின் புகை என்று இரண்டும் சூழ்ந்த இடத்தில் வட்டு வைத்திருப்பவர்கள் இதைப் பொதுவான எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு கடந்துபோகக் கூடாது. சிடியைவிட டிவிடி இதில் சற்றுப் பாதுகாப்பானது. டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே சாயமும் உலோகமும் ஒட்டப்பட்டிருக்கும். சிடியில் அவை மேற்பக்க அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், லேபிள் பக்கத்தில் விழும் கீறலே தகவலை அழித்துவிடும்.

வேகத்தைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. 16எக்ஸ் என்று எழுதியிருந்தால் 16எக்ஸிலேயே எழுத வேண்டும் என்பது ஒன்று. எவ்வளவு மெதுவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது மற்றொன்று. டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு ஏறக்குறைய 1.385 மெகாபைட். முழு வட்டை 16எக்ஸில் எழுத ஆறு நிமிடம் ஆகும் என்றால், 8எக்ஸில் எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். மிச்சமாவது ஒரு டீ ஆறும் நேரம்கூட அன்று. 16எக்ஸ் என்பதும் வட்டின் வெளி ஓரத்தில் மட்டுமே எட்டப்படும் வேகம்; உள்ளே தொடங்கும்போது அது பாதிக்கும் குறைவாகவே இருக்கும். பிழைகள் அதிகம் சேர்வதும் அந்த வெளி ஓரத்தில்தான். அதே நேரத்தில், இக்கால வட்டின் சாயம் அதிவேக லேசருக்கு ஏற்பக் கலக்கப்பட்டது. அதை 1எக்ஸிலோ 2எக்ஸிலோ நீண்ட நேரம் சுட்டால் பதிவு கெடவும் கூடும். 16எக்ஸ் வட்டுக்கு 8எக்ஸ் என்பது நான் பின்பற்றும் வேகம். வட்டை விளிம்பு வரை நிரப்பாமல் 4 ஜிபிக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்வேன்.

உங்களுடைய 300 ஜிபிக்கு இந்தக் கணக்கைப் போட்டால் ஒரு தொகுப்புக்கே எழுபது டிவிடிகள் வேண்டும். இரண்டு பிரதி என்றால் இருமடங்கு. அத்தனை வட்டுக்குப் பெயர் எழுதி வரிசைப்படுத்தி வைப்பதே ஒரு வேலையாகிவிடும் என்பதால், சேமிப்புக்கு நான் ப்ளூ-ரேயைத்தான் பரிந்துரைப்பேன். 25 ஜிபி வட்டாக எடுத்தால் பதினான்குக்குள் முடிந்துவிடும். இதிலும் ஒரு வடிவப் போர் நடந்தது. போட்டி வடிவமான எச்டி டிவிடியைத் தூக்கிப் பிடித்த தோஷிபா 2008 பிப்ரவரியில் பின்வாங்கியதோடு அது முடிந்தது. ஆனால் ப்ளூ-ரே என்ற ஒரே பெயருக்குள் இன்னும் இரண்டு சாதி இருப்பதைக் கவனிக்க வேண்டும். எச்டிஎல் எனப்படும் வகையில் பதிவுப் படலம் கனிமப் பொருளால் ஆனது. எல்டிஎச் எனப்படும் வகையில் பழையபடி கரிமச் சாயம். பெட்டியின் மேல் எல்டிஎச் என்று இருந்தால் விலை குறைவாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். நீண்டகாலச் சேமிப்புக்கென்றே விற்கப்படும் எம்-டிஸ்க் வட்டுகளும் கனிமப் படலம் கொண்டவையே. ஆயிரம் ஆண்டு நிற்கும் என்பது தயாரித்தவரின் கூற்று, யாரும் காத்திருந்து பார்த்ததன்று. இருந்தாலும் சாயத்தை நம்புவதைவிட அது மேல். எம்-டிஸ்க் டிவிடியை எழுத அதற்கென்று ஆதரவுள்ள ரைட்டர் தேவை. ஒரு விஷயத்தில் தாமதிக்க வேண்டாம்: எழுதக்கூடிய ப்ளூ-ரே வட்டுகளின் தயாரிப்பைச் சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திக்கொண்டது, சரக்கு குறைந்துகொண்டே போகும்.

ஆர்டபிள்யூ வட்டுகளைச் சேமிப்புக்கு எண்ணவே வேண்டாம். ஆயிரம் முறை அழித்து எழுதலாம் என்பது அவற்றின் சிறப்பு. அழியக்கூடியது என்பதே உங்களுக்கு இடைஞ்சல்.

ரைட்டரைப் பொறுத்தவரை, மடிக்கணினியோடு எடுத்துச் செல்லும் மெல்லிய யுஎஸ்பி ரைட்டரைவிட, மேசைக் கணினிக்குள் பொருத்தும் முழு அளவு சாட்டா ரைட்டரையே நான் விரும்புகிறேன். மெல்லியது ஒரே யுஎஸ்பி வயரிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. பழைய மடிக்கணினியின் போர்ட் போதுமான மின்சாரம் தராதபோது எழுதுவது பாதியில் நின்றுபோகும். புதிய கேபினெட்டில் ரைட்டருக்கு இடமில்லை என்றால், தனி அடாப்டருடன் வரும் வெளிப்பெட்டியில் முழு அளவு ரைட்டரைப் பொருத்திக்கொள்ளலாம். எந்த வட்டுக்கு லேசரை எவ்வளவு வலுவாக, எத்தனை நேரம் செலுத்துவது என்ற விவரம், தயாரிப்பாளர் குறியீடு வாரியாக ரைட்டரின் ஃபர்ம்வேர் எனப்படும் உள் மென்பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. குறியீடு பட்டியலில் இல்லையென்றால் ரைட்டர் பொதுவான ஓர் அளவை வைத்துக்கொண்டு சமாளிக்கும். வட்டை முதலில் தேர்ந்தெடுக்கச் சொன்னதன் காரணம் இதுதான். ப்ளூ-ரே ரைட்டர் ஒன்றே டிவிடியையும் சிடியையும் எழுதிவிடும் என்பதால் தனியாக டிவிடி ரைட்டர் தேவையில்லை. எல்ஜி, பயனியர் ஆகிய இரண்டின் ப்ளூ-ரே ரைட்டர்களும் எனக்கு நிறைவாக இருந்திருக்கின்றன. எதை வாங்கினாலும் கணினியை யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டு எழுதுங்கள். கோடையில் நம் பகுதியில் மின்சாரம் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும், ஒருமுறை எழுதும் வட்டு இரண்டாவது வாய்ப்புத் தராது.

ஐம்பது வட்டுகளை மொத்தமாக வாங்கும் முன் ஐந்து மட்டும் வாங்கி, குறியீட்டைப் பார்த்து, எழுதி, எழுதிய ரைட்டரில் அல்லாமல் வேறொரு ரைட்டரில் வெரிஃபை செய்து, அதாவது சரியாகப் படிக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். எழுதிய இயந்திரம் தன் பிழையைத் தானே பொறுத்துக்கொண்டு படித்துவிடும். அடுத்த இயந்திரம் பொறுக்காது. படிக்கும் வேகம் ஓரத்தை நெருங்கும்போது திடீரென்று தடுமாறினால் அந்த வட்டும் அந்த ரைட்டரும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். வட்டை மாற்றிப் பாருங்கள். இரண்டு பிரதிகளையும் ஒரே பெட்டி வட்டில் போடாமல் வெவ்வேறு ஆலையின் வட்டுகளில் போட்டு, ஒன்றைத் தண்டையார்பேட்டையிலும் மற்றொன்றைக் கடலிலிருந்து தள்ளியிருக்கும் உறவினர் வீட்டிலும் வையுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டாமல், நடுவளையத்தில் நீர் சார்ந்த மார்க்கரால் பெயரையும் தேதியையும் எழுதினால் போதும். எல்லாம் எழுதி முடித்த பிறகும் ஹார்ட் டிஸ்க்குகளை அழிக்க வேண்டாம், ரைட்டரையும் விற்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை சில வட்டுகளை எடுத்து அதில் போட்டு முழுவதும் படிக்கிறதா என்று பாருங்கள்.