எது ஒரே மாதிரி வேலை?

வணக்கம். ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக முடிக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு செய்கிறேன். இரண்டு மாதமாகக் கணினி வேலை எல்லாம் காலையில், போன் வேலை எல்லாம் மாலையில் என்று வைத்துக்கொண்டேன். நேரம் மிஞ்சவில்லை, மாலையில் மண்டை காய்ந்துவிடுகிறது, பதிலுக்குக் காத்திருப்பவர்களும் கோபிக்கிறார்கள். எங்கே தப்பு?
கே.

அன்புள்ள கே.,

நீங்கள் கருவியை வைத்துப் பிரித்திருக்கிறீர்கள், அங்கேதான் இடறியிருக்கிறது. மொழிபெயர்ப்பு, பில் போடுவது, மின்னஞ்சல் மூன்றும் ஒரே கணினியில் நடந்தாலும் மனசுக்கு அவை மூன்று வேறு வேலைகள்.

ஒரு தாளை எடுங்கள். அ முதல் ஔ வரை எழுதி, அப்புறம் 1 முதல் 12 வரை எழுதி, ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அ, 1, ஆ, 2, இ, 3 என்று மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள். எழுதுவது அதே 24தான், ஆனால் ஊ, 6 முடிந்ததும் கை ஒரு நொடி நிற்கும், அடுத்தது எ தானா என்று மனசு மறுபடி அ-விலிருந்து ஓடிப் பார்த்துவிட்டு வரும். ஆர்தர் ஜெர்சில்டு என்ற உளவியலாளர் 1927இலேயே இந்த மாதிரித் தாமதத்தை அளந்தார். 1995இல் ரோஜர்ஸ், மான்செல் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனையில், அடுத்து எந்த வேலை வரும் என்று முன்பே தெரிந்து, தயாராக நேரம் கிடைத்தாலும்கூட அந்தத் தாமதம் குறைந்ததே தவிர முழுசாகப் போகவில்லை.

அதனால் மொழிபெயர்ப்புக்குள்ளேயே பிரித்துப் பாருங்கள். எழுதிக்கொண்டே போகும்போது ஒரு சொல் புரியாமல் தடுக்கினால் உடனே அகராதியைத் திறக்கிறோம், அங்கிருந்து இன்னொரு பக்கம், திரும்பி வந்தால் வாக்கியத்தின் ஓசை போயிருக்கும். நான் அந்தச் சொல்லை மூலத்தில் இருப்பது போலவே போட்டு, அடிக்கோடிட்டு, மேலே போய்விடுவேன். அத்தியாயம் முடிந்ததும் அடிக்கோடிட்டவற்றையெல்லாம் மொத்தமாகத் தேடுவேன், அதில் பாதிக்குமேல் பின்னால் வந்த பக்கங்களிலேயே தெளிவாகியிருக்கும். பிழை திருத்துவது அடுத்த நாள்தான். எழுதுகிற மனசும் தப்பு பிடிக்கிற மனசும் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரு பத்தி நகராது.

போனும் இப்படித்தான். வர வேண்டிய பணத்தைக் கேட்கும் அழைப்பையும் ஒரு சந்தேகம் கேட்கும் அழைப்பையும் அடுத்தடுத்து வைத்தால், முதலாவதின் சூடு இரண்டாவதில் தெரியும். பணப் பேச்சை எப்போதும் கடைசியில் வையுங்கள், அதற்குப் பிறகு கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

காத்திருப்பவர்கள் கோபம் நியாயமானது. 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர், ஒரு பொருளை ஒரு தடவைக்கு எத்தனை செய்வது லாபம் என்று கணக்குப் போட்டார். இயந்திரத்தைத் தயார் செய்ய ஆகும் செலவு ஒரு பக்கம், செய்த சரக்கை வைத்துக் காக்கும் செலவு இன்னொரு பக்கம். தயார் செய்வது மலிவு, தேக்கம் செலவு என்றால் சின்னச் சின்னதாகச் செய்வதே சரி. மின்னஞ்சலைத் திறக்க உங்களுக்கு என்ன செலவு? ஆனால் உங்கள் ஒரு வரிக்காக அங்கே ஒருவருடைய நாளே நின்றிருக்கலாம். குஷ்லேவ், டன் என்ற இரு உளவியலாளர்களின் 2015இல் வெளியான ஆய்வில், நாளுக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சல் பார்த்த வாரத்தில், நினைத்தபோதெல்லாம் பார்த்த வாரத்தைவிட மன அழுத்தம் குறைவாக இருந்தது. நீங்களும் மூன்று முறை பாருங்கள், முதல் முறை மட்டும் காலையில் ஒரு அத்தியாயப் பகுதியை எழுதி முடித்த பிறகு.

ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு எழுதுங்கள். மாலையில் மண்டை காய்வது நின்றதா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.