கோர்ட் பக்கத்துல இருக்குங்கிறது மட்டும் போதாது

கோர்ட்டுக்கு எதிர்ல இருக்க 3 ஏக்கர் பார்க்கிங் லாட்ல புது கவுண்டி (அமெரிக்காவுல மாவட்டம் மாதிரி) ஜெயில் கட்டுனா கைதிங்கள கூட்டிட்டுப் போற செலவு மிச்சம், அது போதுமான்னு கேட்டிருந்தீங்க. போதாது. எத்தனை மாடி வரும்னு முதல்ல கேளுங்க.

இடம் சின்னதுன்னா கட்டடம் மேல தான் போகும், மாடி கூடக்கூட லிஃப்ட், காவல் போஸ்ட் எல்லாம் கூடும், ஒரே ஒரு போஸ்ட்டை வாரம் பூரா 24 மணி நேரமும் நிரப்ப லீவு ட்ரெயினிங் சேர்த்து சுமார் 5 பேர் வேணும், வருஷம் போகப் போக கட்டுற செலவையே சம்பளம் தூக்கிச் சாப்பிட்டுடும். கைதிங்கள கூட்டிட்டுப் போறதுல மிச்சம்னு திட்டம் போடுற கன்சல்டன்ட் காட்டுறது இங்கதான் கரையுதுன்னு நினைக்கிறேன்.

செக் பண்ண வேண்டியது: போஸ்ட் வாரியா 30 வருஷ ஸ்டாஃப் கணக்கை எழுத்துல கேளுங்க. கைதி வண்டி உள்ள வந்து, பின்னாடி கேட் மூடின பிறகு தான் ஆளை இறக்கணும், அதுக்கு வளைஞ்சு திரும்ப இடம் இருக்கான்னு ப்ளான்ல பாருங்க.

அதுக்காக ஊருக்கு வெளியே போறதும் லேசு இல்ல. இண்டியானாபோலிஸ்ல மேரியன் கவுண்டி ஜெயில் டவுன்டவுனை விட்டு, நிலக்கரியில இருந்து கோக் எரிபொருள் தயாரிச்ச பழைய ஆலை நிலத்துக்கு 2022ல போனப்ப கோர்ட்டையும் சேர்த்தே கொண்டு போனாங்க. கோர்ட் இங்கயே இருந்து ஜெயில் மட்டும் தள்ளிப் போனா கைதிக்காக வாதாட அரசு செலவுல அமர்த்துற வக்கீல் அவரைப் பார்க்க வர்றது குறையும், ராத்திரி 2 மணிக்கு ரிலீஸ் ஆகுறவருக்கு பஸ் இருக்காது, இதையும் தயவுசெஞ்சு கணக்குல சேருங்க.