புலவர் பழையவர்தான், நாடகம் புதுசு

கேள்வி: பழங்காலக் கவிகளின் வாழ்க்கையைச் சொல்லும் நவீன சமஸ்கிருத நாடகம் ஒன்றைத் தமிழ் வசனவரிகளோடு சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் போட நினைக்கிறோம். கவிகள் எல்லாம் ஆயிரம் வருடத்துக்கு முந்தையவர்கள்தானே, அனுமதி தேவையா? ஒருவர் 1,200 வெள்ளி கொடுத்தால் எல்லா உரிமையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: தேவை. கவிக்கு இல்லை, நாடகத்தை எழுதியவருக்கு. சமஸ்கிருத அறிஞர் வே. ராகவன் எழுதிய ‘பிரேக்ஷணகத்ரயீ’யையே எடுத்துக்கொள்ளுங்கள். விஜ்ஜிகா, விகடநிதம்பா, அவந்திசுந்தரி என்ற மூன்று பெண் கவிகளைப் பற்றிய ஓரங்க நாடகங்கள் அவை. அவந்திசுந்தரி சமஸ்கிருதக் கவி ராஜசேகரரின் மனைவி, வாழ்ந்து ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது, ஆனால் ராகவன் மறைந்தது 1979இல். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு காப்புரிமை உண்டு, அதாவது 2039 முடியும்வரை. சிங்கப்பூர்ச் சட்டத்தில் 70 ஆண்டு.

அந்த 1,200 வெள்ளிக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஆசிரியரின் வாரிசு யார், அவர் கையெழுத்து எங்கே? ஏதோ ஓர் அறக்கட்டளை முத்திரை குத்திய கடிதத்தை நீட்டினால் காசை எடுக்காதீர்கள். புத்தகம் வாங்கிய ரசீதையே உரிமை என்று காட்டி ஏமாற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள். வாரிசுகளைத் தேட ஒழுங்கான ஒரு பதிவேடு இல்லை, பதிப்பகத்துக்கு எழுதினால் பதில் வர மாதக்கணக்காகிறது, இதை ஏன் யாரும் சரிசெய்ய மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. தரகர்கள் பிழைப்பதே இதில்தான்.

நீங்களே புதிதாக எழுதினால் கதை வேறு. காளிதாசர் உட்கார்ந்த கிளையையே வெட்டியது, மனைவி கேட்ட ‘அஸ்தி கச்சித் வாக்விசேஷ:’ (பேச்சில் ஏதாவது சிறப்பு உண்டா?) என்ற கேள்வியின் சொற்களைக் கொண்டே குமாரசம்பவம், மேகதூதம், ரகுவம்சம் மூன்றையும் தொடங்கியது, இதெல்லாம் வழிவழியாக வந்த கதை, யாருக்கும் சொந்தமில்லை. எந்த நூற்றாண்டுக் கவியானாலும் போஜ மன்னன் சபையில் கொண்டுபோய் உட்காரவைக்கும் போஜப்பிரபந்தம் என்ற பழைய நூலும் அப்படித்தான், தாராளமாக எடுத்தாளலாம். ஆனால் அந்த மனைவிக்கு இந்தக் காலத்து ஆசிரியர் ஒரு தோழியைக் கற்பித்து, இருவரையும் ஆற்றங்கரையில் பேசவைத்திருந்தால், அந்தத் தோழியும் பேச்சும் அவருடையவை. பெயரை மட்டும் மாற்றிவிட்டு அதே காட்சியைப் போடுவதும் அவருடையதை நகலெடுப்பதுதான். பழைய கதைக்கும் அவர் சேர்த்ததற்கும் கோடு எங்கே என்று ஒரு சமஸ்கிருத ஆசிரியரிடம் பிரதியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், சிங்கப்பூரின் ஊடக ஆணையமான ஐஎம்டிஏ தரும் கலைநிகழ்ச்சி உரிமம் வேறு, காப்புரிமை அனுமதி வேறு, ஒன்று கிடைத்தால் இன்னொன்றும் கிடைத்ததாக அர்த்தமில்லை. வாரிசிடம் வாங்கும் கடிதத்தில் நாடகத்தின் பெயர், மேடையேறும் தேதிகள், தமிழ் மொழிபெயர்ப்பு, யூடியூபில் ஏற்றுவது எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.