சேம்பர் என்றால் எந்தச் சேம்பர்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர் பதில்கள்

போன இதழில் ஒரு வீட்டுக் கழிவுநீர்ச் சேம்பரைப் பற்றி, அதாவது குழாய்ப் பாதையில் கட்டுகிற மூடிபோட்ட சிறு தொட்டியைப் பற்றி, நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி, "நீர் எந்தச் சேம்பரைச் சொல்லுகிறீர்?" என்று கேட்டிருந்தன. நியாயம்தான். குமரி மாவட்டத்துத் தக்கலையில் ஒரு சாயாக்கடையில் நின்று 'சேம்பர்' என்று சொன்னால் கொத்தனாருக்கு ஒன்று தோன்றும், வக்கீல் குமாஸ்தாவுக்கு வேறொன்று, வாழைக்குலை வியாபாரிக்கு மற்றொன்று. எனக்குத் தெரிந்தவரை வரிசையில்லாமல் சொல்லுகிறேன்.

வீடு கட்டுகிறேன். குழாய் வேலைக்காரர் பாறசாலைக்காரர், 2 சேம்பர் போதும் என்கிறார். நம்மூர்க் கொத்தனார் 5 வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி? (களியக்காவிளை வாசகர்)

இரண்டு பேரையும் விட்டுவிட்டுக் குழாயிடம் கேளுங்கள். குழாய் திரும்புகிற இடத்தில் ஒன்று, இரண்டு குழாய் வந்து சேருகிற இடத்தில் ஒன்று, மட்டம் சட்டென்று இறங்குகிற இடத்தில் ஒன்று. உங்கள் வரைபடத்தில் பென்சிலால் குறித்து எண்ணிப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்கு 4 வந்தது. கொத்தனார் ஒன்று கூட்டிச் சொல்லியிருக்கிறார், அது அவர் தொழில்.

எண்ணிக்கையை விட முக்கியம், சேம்பரின் அடித்தரை. வேலை முடிந்ததும் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே தட்டையாகத் தரை பூசியிருந்தால் கூலி கொடுப்பதற்கு முன்பே ஆளைத் திரும்பக் கூப்பிடுங்கள். குழாயை நெடுக்காகப் பிளந்து பதித்த மாதிரி நடுவில் ஒரு வாய்க்கால் ஓட வேண்டும். இரண்டு பக்கமும் பூச்சு அந்த வாய்க்காலை நோக்கிச் சரிய வேண்டும். நான் வேலையில் இருந்தபோது ஒரு பிடி உமியை மேல் சேம்பரில் போட்டு ஒரு வாளி வெள்ளம் ஊற்றச் சொல்லுவேன். ஊற்றிய பிறகு எந்தச் சேம்பரிலாவது உமி ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே நாளைக்கு உமி நிற்காது, வேறொன்று நிற்கும். கொத்தனார்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'உமி ஓவர்சியர்'. முதுகுக்குப் பின்னால்தான்.

4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி சரிவு கொடுத்தால் போதும். அடுக்களை வெள்ளத்தைக் கக்கூஸ் குழாயில் நேராகச் சேர்க்காதீர்கள். வளைவில் எப்போதும் கொஞ்சம் வெள்ளம் தங்கி நிற்கிற 'கல்லி டிராப்' வழியாக விடுங்கள். அந்தக் கொஞ்ச வெள்ளம்தான் நாற்றத்தை மறுபக்கம் நிறுத்தி வைக்கிறது. ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய் வந்தால் வீடு நாறுகிறதே, ஏன் என்று பலர் கேட்பார்கள். அந்த வெள்ளம் காய்ந்துபோயிருக்கும். வந்ததும் ஒரு வாளி ஊற்றினால் தீர்ந்தது.

செப்டிக் டேங்கில் 2 சேம்பரா, 3 சேம்பரா? சுத்தம் செய்ய ஆள் இறக்கலாமா? (குழித்துறை வாசகி)

முதல் கேள்விக்குச் சுருக்கமாக: சாதாரண வீட்டுக்கு 2 போதும். மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் சேம்பருக்கு. கனமானது அங்கேயே படிந்துவிடும். நெய்யும் நுரையும் மேலே மிதக்கும். நடுச்சுவரில் வழி வைக்கும்போது மேலேயும் வைக்கக்கூடாது, அடியிலும் வைக்கக்கூடாது. நடு ஆழத்தில் இருக்கிற தெளிந்த வெள்ளம் மட்டும் அடுத்த சேம்பருக்குப் போக வேண்டும். நம்மூரில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. டேங்கிலிருந்து வரும் வெள்ளம் மண்ணில் இறங்குகிற ஊறல் குழியைக் கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி வையுங்கள். 5 சென்ட் மனையில் அது முடியாது என்பீர்கள். முடியாதென்றால் அடுத்த வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சண்டை அங்கிருந்துதான் வரும்.

இரண்டாவது கேள்விக்கு: இறக்கக்கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இறக்கக்கூடாது. மலக்குழியில் ஊறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அருகில் ஏறியதும் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்போம். உண்மையில் போனது மூக்குதான்.

புது டேங்குதானே, யாரும் பயன்படுத்தவே இல்லையே என்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 1994இல் நான் மேற்பார்த்த ஒரு கட்டடத்தில் டேங்குக்கு மேல்மூடி கான்கிரீட் போட்டோம். மழையால் 3 வாரம் வேலை நின்றது. பிறகு உள்ளே கான்கிரீட்டைத் தாங்க அடித்த சென்டரிங் பலகை பிரிக்க ஒரு பையனை இறக்கினேன். இறங்கி இரண்டு பலகை எடுத்துக் கொடுத்தான். மூன்றாவது வரவில்லை. எட்டிப் பார்த்தால் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உறங்குகிறவன் மாதிரி சாய்ந்திருக்கிறான். நாற்றம் ஒன்றும் இல்லை. மழைவெள்ளத்தில் ஊறி அழுகிய பலகை உள்ளே இருந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டிருந்தது. இன்னொருவன் குதிக்கப் பார்த்தான், இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டேன். கயிற்றில் சுருக்கு விட்டுப் பையனின் கையில் மாட்டித் தூக்கினோம். பிழைத்தான், இப்போது வளைகுடாவில் இருக்கிறான். அவனை இறக்கியது நான். மூடியை ஒரு நாள் முழுக்கத் திறந்து போட்டு, காற்று அடித்துவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி இறக்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அப்படித்தான் செய்தேன். பயன்படுத்திய டேங்கு என்றால் கழிவு உறிஞ்சும் லாரிதான், ஆள் இல்லை.

'சேம்பர் கல்' என்கிறார்களே, செங்கல்லுக்குள் ஏது சேம்பர்? (ஆரல்வாய்மொழி)

கல்லுக்குள் இல்லை, சூளையில். நாட்டுச் செங்கல்லைக் குவித்து, விறகு வைத்து, மண் மெழுகி ஒரே தடவையாகச் சுடுவார்கள். நடுவில் இருப்பது கருகும், ஓரத்தில் இருப்பது வேகாது. 1858இல் ஜெர்மனியில் ஹாஃப்மன் என்பவர் காப்புரிமை வாங்கிய சூளையில் வட்டமாகப் பல அறைகள். கல் அசையாமல் இருக்கும், தீதான் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகரும். சுட்டு ஆறுகிற கல்லின் சூட்டில் காற்று சூடாகி எரிகிற அறைக்குப் போகும். அங்கிருந்து போகிற புகை, அடுத்து வேக வேண்டிய பச்சைக் கல்லை உலர்த்தும். அதனால் விறகு மிச்சம், கல்லும் ஒரே சீராக வேகும். அந்த வழியில் வந்த சூளைக் கல்லுக்குத்தான் அந்தப் பெயர். இப்போது கடைக்காரர்கள் எல்லாக் கல்லையும் சேம்பர் கல் என்றே விற்கிறார்கள். இரண்டு கல்லை மோதிப் பாருங்கள், கிண்ணென்று கேட்க வேண்டும். ஒரு கல்லை எடைபோட்டு ஒரு நாள் வெள்ளத்தில் ஊறவைத்து மறுபடி எடைபோடுங்கள். 3 கிலோக் கல் 600 கிராமுக்கு மேல் குடித்திருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

1 ஏக்கர் ரப்பர். ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தச் சொந்தமாகப் புகைப்புரை கட்டினேன். ஷீட்டில் சிலது குமிழ் விடுகிறது, சிலது பூசணம் பிடிக்கிறது. ஒரே புரையில் எப்படி இரண்டும்? (குலசேகரம்)

எனக்கும் 60 சென்ட் உண்டு, அதனால் இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நானும் இதே தப்பைச் செய்தவன்தான். உங்கள் அடுப்பு புரைக்குள்ளேயே நடுவில் இருக்கிறது, சரியா? அடுப்புக்கு நேர்மேலே தொங்குவது வேகிறது, மூலையில் தொங்குவது புழுங்குகிறது. அடுப்பை வெளியே வைத்து, தரையடியில் ஒரு புகைவழி விட்டு, அதன் வாயில் தகட்டைச் சாய்த்து வையுங்கள். புகை பரவி ஏறும்.

சூடு 40 முதல் 60 டிகிரிக்குள் நிற்க வேண்டும். முதல் நாள் குறைவாக, பிறகு மெல்லக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஈர ஷீட்டுக்கு முதல் நாளே 60க்கு மேல் கொடுத்தால் உள்ளே இருக்கிற வெள்ளம் ஆவியாகிக் குமிழ் விடும். ரோலரில் அடித்த ஷீட்டை இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் வடியவிட்டு உள்ளே ஏற்றுங்கள். 4 நாளில் காயும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தேன் நிறத்தில் தெரிய வேண்டும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் இன்னும் காயவில்லை.

அப்புறம், கூரை உச்சியில் புகை போக வழி வைத்தீர்களா? புகை வீணாகிறதே என்று பலர் அதை அடைத்துவிடுகிறார்கள். புகையோடு ஈரமும் வெளியே போகாவிட்டால் அது ஷீட்டிலேயே திரும்ப இறங்கும். பூசணத்துக்குக் காரணம் அதுதான். ஆர்.எஸ்.எஸ். 4 (புகையிட்ட ஷீட்டில் 4ஆம் தரம்) விலை கிடைக்க வேண்டிய ஷீட்டை 5ஆம் தரத்துக்குத் தள்ளுவது பெரும்பாலும் ஒரு ஜான் ஓட்டை இல்லாததுதான்.

வாழைக்குலையை 'சேம்பரில் வைத்தது' என்று சொல்லி விற்கிறார்கள். கல் வைத்துப் பழுக்கவைத்ததா அது? தின்னலாமா? (மார்த்தாண்டம் வாசகி)

அது வேறு, இது வேறு. கார்பைடு கல் தடை செய்யப்பட்டது, அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு உண்டு. சேம்பரில் விடுவது எத்திலீன். பழம் தானாகப் பழுக்கும்போது தானே விடுகிற வாயு அது. 100 பி.பி.எம். வரை அனுமதி உண்டு. 16 முதல் 18 டிகிரிக் குளிரில், நல்ல ஈரக்காற்றில், ஒரு நாள் வாயு கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்து காற்று மாற்றுவார்கள். காய் மூச்சு விட்டு நிறைந்த கரியமில வாயு போகாவிட்டால் அடுத்த படி நடக்காது. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். உங்கள் பாட்டி குலையை அறையில் அடுக்கி, சருகு கொளுத்தி, கதவிடுக்கைச் சாணியால் மெழுகி மூட்டம் போட்டாளே, அந்தப் புகையிலும் எத்திலீன் இருந்தது. தின்னலாம். ஆனால் மட்டி வாழைப்பழத்தைச் சேம்பரில் வைத்து யாராவது தந்தால் நான் வாங்கமாட்டேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், அது வீட்டில் கட்டித் தொங்கவிட்டுத் தானாகப் பழுக்கட்டும். இது அறிவியல் அல்ல, என் நாக்கு.

குடும்ப வழக்கு. 'இன் கேமரா' விசாரணை என்கிறார் வக்கீல். எங்களை வீடியோ எடுப்பார்களா? பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பயப்படாதீர்கள், நேர் எதிர். லத்தீனில் 'கேமரா' என்றால் அறை. வடக்கே வீட்டு அறையைக் 'கம்ரா' என்பதும் அதே வேர்தான், போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. இன் கேமரா என்றால் அடைத்த அறையில், வெளியாள் இல்லாமல். 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் 11ஆம் பிரிவுப்படி இரண்டு தரப்பில் ஒருவர் கேட்டாலே அப்படித்தான் நடத்தியாக வேண்டும். நீங்களே கேட்கலாம்.

படம் எடுக்கிற பெட்டிக்கு அந்தப் பெயர் வந்தது இருட்டறையால். என் புகைப்புரையில் கதவுப் பலகையில் ஓர் ஆணி ஓட்டை. ஒருநாள் அடுப்பு அணைந்து, புரை காலியாகக் கிடந்தபோது கதவை அடைத்துவிட்டு உள்ளே நின்றேன். எதிர்ச்சுவரில் பக்கத்துவீட்டுத் தென்னை தலைகீழாக நின்று ஆடியது. அடியில் ஒரு ஆள், கால் மேலே, தலை கீழே, தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் தேங்காய்.

எக்கோ எடுத்ததில் 'இடது கீழ் சேம்பர் சுவர் தடித்திருக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். (திருவட்டாறு)

அண்ணாச்சி, இதை எனக்கா அனுப்புவது? இதயத்தில் 4 அறை, மேல் இரண்டு வாங்கும், கீழ் இரண்டு தள்ளும், இடது கீழ் அறை உடம்பு முழுக்கத் தள்ளுவதால் அதன் சுவர் இயல்பிலேயே தடிப்பு. அதற்கு மேல் தடித்தால் முதலில் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பார்கள். டாக்டரிடம் இன்றைக்கே போங்கள்.

பழைய வீட்டில் ஓர் அறப்புரை (நெல் சேர்த்து வைக்கிற மர அறை) இருக்கிறது. இடித்துவிட்டுக் கார் நிறுத்த ஷெட் போடலாம் என்கிறான் மகன். என்ன செய்யட்டும்? (தக்கலை)

மகனைக் கூட்டிக்கொண்டு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். திங்கள்கிழமை விடுமுறை, மற்ற நாளில். நம் மாவட்டத்து மண்ணில் இருந்தாலும், மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956க்குப் பிறகும் கேரள அரசின் பராமரிப்பில் இருப்பது. உப்பரிகை மாளிகையில் கீழே கருவூலம், அதற்கு மேல் ராஜாவின் பள்ளியறை, உச்சியில் சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய அறை. மந்திரசாலையில் ஜன்னலுக்கு நிறம் பூசிய மைக்கா. வெயில் நேரத்தில் உள்ளே நின்று பாருங்கள், குளிர்ச்சி தெரியும். ராஜா யோசனை கேட்கிற அறைக்கு ஒரு வெளிச்சம், உறங்குகிற அறைக்கு ஒரு வெளிச்சம் என்று பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

உங்கள் அறப்புரை அயினியா, பலாவா என்று எழுதவில்லை. எதுவானாலும் மரத்துக்கு விலை இருக்கிறது. பழைய மரவீட்டைக் கழற்றி ரிசார்ட்டில் கொண்டுபோய்ப் பூட்டுகிறவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். முதலில் வருகிறவன் சொல்லும் விலைக்குத் தலையாட்டாதீர்கள்.

என் அம்மா வீட்டு அறப்புரையின் வாசலுக்குக் கதவு கிடையாது. இரண்டு நிலைக்கால்களிலும் பள்ளம் வெட்டி, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே இறக்கியிருப்பார்கள். நெல் ஏற ஏறப் பலகையும் ஏறும். எடுக்கும்போது மேல்பலகையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். வரிசை மாறாமல் இருக்க ஒவ்வொன்றிலும் உளியால் எண் வெட்டியிருக்கும். கடைசியாக அதைப் பிரித்தபோது நான் எண்ணினேன், 7ஆம் பலகை மட்டும் இல்லை. தொழுவத்தில் தவிட்டுத் தொட்டிக்கு மூடியாகக் கிடந்தது.